ஐம்பது ரூபாய் தஸ்பீஹ் கவுண்டர்: எட்டு மாதம் விரலில் மாட்டிய பிறகு

மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போன ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் இதை வாங்கினேன். தொப்பி, அத்தர், மிஸ்வாக் குச்சி எல்லாம் வைத்திருந்தான். அறுபது என்றான், ஐம்பதுக்குக் கொடுத்தான். பச்சை நிறம். பிளாஸ்டிக் உறையில் சீனாவில் செய்தது என்று போட்டிருந்தது. அதைத் தவிர கம்பெனிப் பெயர், கியாரண்டி எதுவும் கிடையாது. அப்போது ஷஃபான் மாதம். ரமலான் வருவதற்குள் கையில் ஒன்று இருக்கட்டும் என்ற நினைப்பு.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தஸ்பீஹ், அதாவது இறைவனைத் துதிக்கும் வார்த்தைகளை எத்தனை தடவை ஓதினோம் என்று எண்ணுவதற்கு, மோதிரம் போல விரலில் மாட்டிக்கொள்ளும் ஒரு குட்டி மிஷின். புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிசு. கீழே ரப்பர் வார். மேலே ஐந்து இலக்கம் காட்டும் சின்னத் திரை, ஒரு பெரிய பட்டன், பக்கத்திலேயே கடுகு அளவில் இன்னொரு பட்டன். பெரியதை அழுத்தினால் எண் ஒன்று கூடும். சின்னதை அழுத்தினால் எல்லாம் சைபர். இவ்வளவுதான் வேலை.

நான் இளையான்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சீசனில் முண்டு மிளகாயும் வாங்கி விற்பேன். இதற்கு முன்னால் என்னிடம் இருந்தது ஹஜ்ஜுக்குப் போன மச்சான் கொண்டுவந்து கொடுத்த 99 மணி தஸ்பீஹ் மாலை. அருமையான மணி, ஆலிவ் கொட்டையில் செய்தது. ஒருநாள் துவரம்பருப்பு அள்ளும்போது நூல் முறத்தில் மாட்டி அறுந்து, மணியெல்லாம் மூட்டைக்குள் விழுந்துவிட்டது. கடைப் பையனும் நானும் சல்லடை போட்டுச் சலித்ததில் 91 கிடைத்தது. மீதி எட்டு எந்தெந்த வீட்டு சாம்பாருக்குப் போனதோ தெரியாது, யாரும் வந்து சண்டை போடவில்லை. அதற்குப் பிறகுதான் நூல் இல்லாத ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் திரை நன்றாகத் தெரிகிறது, இருட்டில் தெரியாது. விளக்கு எரிகிற மாடல் இருபது ரூபாய் கூட. தஹஜ்ஜுது என்ற பின்னிரவுத் தொழுகைக்கு எழுந்திருப்பவர்கள் அதை வாங்கலாம், பக்கத்தில் படுத்திருப்பவர்கள் திட்டாமல் இருந்தால். ரப்பர் வார் மூன்றாவது மாதமே தொளதொளவென்று ஆகிவிட்டது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது கழற்றி வைக்க வேண்டும், தண்ணீர் பட்டால் திரையில் எண் பாதி பாதியாகத் தெரியும். நான் ஒருமுறை மறந்து நனைத்துவிட்டு, அரிசி டப்பாவுக்குள் ஒரு ராத்திரி போட்டு வைத்தேன். பிழைத்துக்கொண்டது.

பட்டன் சத்தம் ஒரு தொல்லை. கடையில் தெரியாது. ஆனால் பள்ளியில் ஃபர்ளு என்ற கடமைத் தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்த பிறகு வரும் அமைதியில், ‘டிக் டிக்’ என்று முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று என அழுத்திக்கொண்டிருந்தால் முன் வரிசையில் இருக்கும் பெரியவர் திரும்பிப் பார்ப்பார். எங்கள் பள்ளியில் திரும்பிப் பார்த்தார். இப்போதெல்லாம் பள்ளிக்குள் போகும்போது சட்டைப்பைக்குள் போட்டுவிடுவேன். தொழுகைக்குப் பிந்திய தஸ்பீஹுக்கு விரல் கணுவே போதும். ஒரு கைக்குப் பதினைந்து, இரண்டு கைக்கு முப்பது, மேலே மூன்று. எங்கள் நன்னி (பாட்டி) சொல்லித்தந்த கணக்கு.

பெரிய குறை அந்தக் கடுகு பட்டன்தான். எங்கள் தெருவில் பெண்கள் சேர்ந்து ஸலவாத்துன் நாரிய்யா என்ற நபி வாழ்த்தை 4444 தடவை ஓதுவது உண்டு. முன்பெல்லாம் தாம்பாளத்தில் புளியங்கொட்டை போட்டு எண்ணுவார்கள். என் வீட்டம்மா தனியாகவே ஓதி முடிக்கிறேன் என்று இந்தக் கவுண்டரை வாங்கிக்கொண்டு போனார். நாலு நாள் ஓதினார். 3,912 வரை வந்தபோது பேத்தி கையைப் பிடித்து இழுத்ததில் சைபர் ஆகிவிட்டது. பின்னால் போகவும் வழியில்லை, ஒன்று கழிக்கும் பட்டனே இதில் கிடையாது. நான்தான் பதறினேன். அவர் கவுண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுல போனா போகுது, எழுதுறவங்க எழுதியிருப்பாங்க” என்று சொல்லி, மீதி 532-ஐப் புதிதாக எண்ண ஆரம்பித்தார். அந்தப் பதிலை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் இன்னொன்று. பின் மூடி வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது, திருகு கிடையாது. உள்ளே பட்டன் செல். அதைப் பிள்ளை முழுங்கினால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திலேயே வெந்துபோகும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நான் மூடியின் மேல் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அழகாக இல்லை. இருக்கட்டும்.

இனி இதை உபயோகிப்பது கூடுமா கூடாதா என்ற பிரச்சினை. நான் வாங்கிய அன்றே என் மருமகன் ஆரம்பித்துவிட்டார். விரலால் எண்ணுவதுதான் சுன்னத்து, அதாவது நபிவழி, மணியும் மிஷினும் எதற்கு என்றார். அவர் சொன்னதில் ஆதாரம் உண்டு. யுஸைரா (ரலி) என்ற பெண்மணி அறிவிக்கும் ஹதீஸில் (நபிமொழியில்), விரல்களால் எண்ணுங்கள், அவை விசாரிக்கப்படும், பேச வைக்கப்படும் என்று நபி (ஸல்) சொன்னதாக வருகிறது. அபூதாவூது, திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. விரல்தான் மேல் என்பதில் எனக்கும் தகராறு இல்லை. மணி உருட்டுவதை ஆகுமானது என்று சொன்ன ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) நிறையப் பேர். எனக்கு நூற்றுக்கு மேல் போனால் விரல் கணக்கு தவறிவிடும், பாதியில் யாராவது வந்து கால் கிலோ வெல்லம் கேட்பார்கள். ஆகவே கவுண்டர். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். ஆனால் ‘விரல்கள் பேச வைக்கப்படும்’ என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது. ஏனென்று இனி சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ரொம்பப் பெருமை. ஒரு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று ஓடியது. ராத்திரி கல்லாக் கணக்கு முடித்ததும் இந்தக் கணக்கையும் பார்ப்பேன். அப்புறம் ஒருநாள் மதியம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சர்க்கரை மூட்டை விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்தது. திரையில் நூறு தாண்டிவிட்டது. நாக்கு எப்போது நின்றது என்றே தெரியவில்லை. உதடு அசைந்ததா என்றுகூட நினைவில்லை. விரல் மட்டும் ஓதியிருக்கிறது.

மணியில் இது நடக்காது என்று சொல்ல மாட்டேன், மணியிலும் நடக்கும். ஆனால் மிஷினில் எண் ஏறுவது கண்ணுக்குத் தெரிவதால், ஓதாத கணக்கும் ஓதிய கணக்காகப் பதிவாகிவிடுகிறது. இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

மார்க்கம் படித்த எங்கள் ஹஜ்ரத்திடம் இதைச் சொன்னேன். அவர் நபியின் மனைவி ஜுவைரிய்யா (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னார். நபி (ஸல்) ஸுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பும்போது ஜுவைரிய்யா (ரலி) தொழுத இடத்தில் உட்கார்ந்து திக்ரு, அதாவது இறைதுதி, செய்துகொண்டிருக்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தாலும் அதே இடத்தில் இருக்கிறார்கள். அப்போது நபி (ஸல்), உன்னிடமிருந்து போன பிறகு நான் நான்கு சொற்களை மூன்று தடவை சொன்னேன், காலையிலிருந்து நீ சொன்னதோடு வைத்து நிறுத்தால் அவை கனத்துவிடும் என்றார்கள். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ‘ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி அதத ஃகல்கிஹி’ என்று தொடங்கும் அந்த திக்ரு பலருக்கும் மனப்பாடம். எனக்கும் சின்ன வயதிலேயே பாடம். ஆனால் அதில் ‘நிறுத்தால்’ என்று ஒரு சொல் இருப்பதை, இருபத்து நாலு வருஷமாகத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் அன்றுதான் கவனித்தேன். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அங்கே நடப்பது நிறுவை. புகாரி தொகுப்பின் கடைசி ஹதீஸும் அதைத்தானே சொல்கிறது, நாக்குக்கு லேசான, தராசில் கனமான இரண்டு வார்த்தைகள் என்று.

அதற்குப் பிறகு கொஞ்சம் நிதானமாக ஓத ஆரம்பித்தேன். எண் குறைந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு. சரி, இதோடு விமர்சனத்தை முடித்து மூன்று நட்சத்திரம் போட்டிருக்கலாம்.

ரமலான் வந்தது. பன்னிரண்டாவது நோன்பு. எங்கள் பக்கம் மிளகாய் வருகிற நேரம் அது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். குண்டாக, செக்கச் செவேலென்று இருக்கும், குலுக்கினால் விதை உள்ளே ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அதுதான் காய்ந்த மிளகாய்க்கு அடையாளம். ரொம்பக் காய்ந்தால் எடுக்கும்போது உடையும் என்று லேசாகத் தண்ணீர் தெளிப்பது உண்டு. உடையாமல் இருக்கத்தான் என்று எல்லோரும் சொல்வோம். எடையும் கூடும் என்பதை யாரும் சொல்ல மாட்டோம். அன்று காலை நான் தெளித்தது ஒரு கை அதிகம். மூட்டையின் அடிப்பகுதி நன்றாகவே நமத்திருந்தது.

அஸர் என்ற மாலைத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அக்கா வந்தார். மகள் கல்யாணம், வருஷத்துக்கே மிளகாய்ப்பொடி இடித்து வைக்க ஐந்து கிலோ வேண்டும் என்றார். நான் அப்போது ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன். திரையில் 67.

“காய்ஞ்ச சரக்குதானே பாய்?”

“நேத்துதான் களத்துல இருந்து வந்துச்சு அக்கா. சருகா இருக்கு, கேட்டுப் பாருங்க.” மேலிருந்து ஒரு பிடி எடுத்துக் குலுக்கிக் காட்டினேன். சத்தம் வந்தது.

அந்தக் கையில்தான் கவுண்டர். குலுக்கும்போது கட்டைவிரல் பட்டனில் பட்டிருக்கிறது. டிக். குனிந்து பார்த்தேன். 68.

அக்கா பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து அள்ளத் தொடங்கியிருந்தேன். கையில் ஈரம் ஒட்டியது. எனக்கு ஞாபகம் வந்ததை எந்த முஸ்லிம் வியாபாரியைக் கேட்டாலும் சொல்வார். நபி (ஸல்) கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் தட்டியது. என்ன இது என்று கேட்டதற்கு மழையில் நனைந்துவிட்டது என்றார் அந்த வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் இல்லை என்றார்கள். மழையில் நனைந்ததற்கே அந்தப் பேச்சு. என்னுடையதில் மழைகூட இல்லை. நானே சொம்பில் எடுத்துத் தெளித்தது.

நான் பெரிய காரியம் எதுவும் செய்துவிடவில்லை. “அக்கா, அடியில கொஞ்சம் ஈரம் இருக்கு, ரெண்டு வெயில் காய வச்சுட்டுத் தாரேன், நாளன்னைக்கு வாங்க” என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். ‘இப்பத்தானே சருகுன்னு சொன்ன’ என்கிற பார்வை. இரண்டு நாள் கழித்து வரவில்லை, வேறு கடையில் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். காய வைத்தபோது மூட்டையில் குறைந்த எடையை நான் மட்டும்தான் பார்த்தேன். ஈர மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் வருவது அஃப்லாடாக்சின் என்ற விஷம், ஈரலைக் கெடுக்கும், சமைத்தாலும் முழுசாகப் போகாது. வருஷம் பூராவும் ஒரு குடும்பம் அதைச் சாப்பிட்டிருக்கும்.

அன்று நோன்பு திறக்கும் வரை கிட்டங்கிக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். மூலையில் மண்பானை, தண்ணீர் ததும்ப. பங்குனி வெயில், நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினால் ஒரு ஈ காக்கை பார்க்காது. ஒரு மடக்குக் குடிக்க நான் நினைத்ததே இல்லை, ஏழு வயதில் முதல் நோன்பு வைத்ததிலிருந்து நினைத்ததில்லை. ஏன்? அல்லாஹ் பார்க்கிறான். குர்ஆன் 2:183-இல் நோன்பு எதற்கு என்றால் தக்வா வருவதற்கு என்றே இருக்கிறது. எனக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே பானையிலிருந்து சொம்பில் மொண்டுதான் காலையில் மிளகாய்க்குத் தெளித்தேன். வாய்க்குள் போகிற தண்ணீரைப் பார்க்கிறவன் மூட்டைக்குள் போகிற தண்ணீரைப் பார்க்க மாட்டானா?

தக்வாவைத் தமிழில் இறையச்சம் என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் அச்சம் என்றவுடன் நடுங்கிக்கொண்டு மூலையில் உட்காருவது மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. தஃப்ஸீர்களில், அதாவது குர்ஆன் விளக்க நூல்களில், ஒரு செய்தி வரும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நபித்தோழர் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் தக்வா என்றால் என்ன என்று கேட்கிறார்கள். முள் நிறைந்த பாதையில் நடந்திருக்கிறீர்களா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். நடந்திருக்கிறேன். அப்போது என்ன செய்தீர்கள்? ஆடையைச் சுருட்டிப் பிடித்து, பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். அதுதான் தக்வா என்கிறார். இது அரபு நாட்டில் நடந்த பேச்சு. ஆனால் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஆடு தேடிப் போன எவனுக்கும் விளக்கவுரை தேவைப்படாது. கைலியை மடித்துக் கட்டி, ஒரு கையால் கொப்பை ஒதுக்கி, எந்த இடத்தில் முள் கிடக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைப்போம். நடக்காமல் இருக்க முடியாது, ஆடு உள்ளே இருக்கிறது.

ஈது முடிந்த பிறகு கவுண்டரை வேறு வேலைக்கு மாற்றினேன். ஓதுவதை விரலுக்கே விட்டுவிட்டேன். கடை திறந்ததிலிருந்து இரவு இஷா தொழுகை வரை, வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு பொய்க்கும் ஒரு அழுத்து. யாருக்கும் சொல்லவில்லை. முதல் நாள் மத்தியானத்துக்குள் 19. ராத்திரி கடை அடைக்கும்போது 31.

நான் பொய்யன் என்று பெயர் எடுத்தவன் இல்லை, ஊரில் விசாரித்துப் பாருங்கள். கொடுக்கல் வாங்கலில் ஒரு ரூபாய் யாருக்கும் பாக்கி இல்லை. இந்த 31-உம் நாம் பொய் என்றே கணக்கில் எடுக்காத சில்லறைகள். ‘எனக்கே அந்த விலை கட்டாது’ பதினோரு தடவை. ‘நாளைக்கு வந்துரும்’ ஆறு. ‘இதைவிட நல்லது டவுன்லயே கிடைக்காது’ ஐந்து. போனில் கம்பெனி ஏஜென்டிடம் ‘வெளியூர்ல இருக்கேன்’ மூன்று, கடையில் உட்கார்ந்துகொண்டே. மீதியை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. இதில் நாலு இடத்தில் ‘அல்லாமேல சத்தியமா’ என்று வேறு சேர்த்திருந்தேன். சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தை (அருள் வளத்தை) அழித்துவிடும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பது எனக்குத் தெரியாததல்ல.

ஒரு சந்தேகம் வந்தது. கொண்டுவரும் எண்ணமே இல்லாமல் ‘இன்ஷா அல்லாஹ் நாளைக்குத் தாரேன்’ என்றால் அதற்கு அழுத்த வேண்டுமா? ஹஜ்ரத்திடம் கேட்டபோது சிரித்துவிட்டு, “அதுக்கு ரெண்டு அழுத்துங்க” என்றார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, இப்படி எண்ணுவதை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம், அதுவே பெருமையாகிவிடும் என்றும் சொன்னார். இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர் போடவில்லை என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே சமாதானம்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. நீங்கள் கணக்குக் கேட்கப்படுவதற்கு முன் உங்களை நீங்களே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று உமர் (ரலி) சொன்னதாக எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். முஹாஸபா என்று அதற்குப் பெயர். பக்தாதில் வாழ்ந்து 857-இல் காலமான ஹாரித் என்ற பெரியவருக்கு, எந்நேரமும் தன்னையே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததால் ‘முஹாஸிபீ’ என்றே பட்டம் நிலைத்துவிட்டது. அவர்களிடம் மிஷின் இல்லை. என்னைப் போன்ற ஆளுக்கு ஐம்பது ரூபாய் மிஷின் தேவைப்படுகிறது.

எண் இறங்கியதா என்று கேட்பீர்கள். 31, 24, 26, 15, ஒரு வாரம் ஒற்றை இலக்கம். பக்ரீதுக்கு முந்தின நாள் கூட்டத்தில் மறுபடி 22. இப்போதும் நாலு, ஏழு என்று ஏதாவது ஒன்று இருக்கும். சைபர் ஒரே ஒரு நாள் வந்தது, அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன். ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. வாயைத் திறப்பதற்கும் வார்த்தை வெளியே வருவதற்கும் நடுவே கட்டைவிரல் பட்டனைத் தேடுகிறது. அந்த இடைவெளியில் சில சமயம் வார்த்தையை மாற்றிக்கொள்ள முடிகிறது. ‘எனக்கே கட்டாது’ என்பதற்குப் பதில் ‘இதுதான் விலைக்கா’ என்று சொன்னால் போதும் என்பதே எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை. வியாபாரம் குறையவில்லை. கூடவும் இல்லை. பரக்கத்து கொட்டியது என்று கதை விட்டால் அதற்கும் ஒரு அழுத்து அழுத்த வேண்டிவரும்.

தராசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கடையில் 30 கிலோ எலெக்ட்ரானிக் தராசு. வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், தொழிலாளர் துறையிலிருந்து முத்திரை ஆய்வாளர் வந்து பார்ப்பார். அவர் வரும் அன்று தட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்போம். ஐந்து ஐந்து கிராமாகத்தான் அது காட்டும். பேரீச்சம்பழம், முந்திரி போடுகிற அட்டை டப்பாவைத் தட்டில் வைத்து முதலில் சைபர் ஆக்கிவிட்டுத்தான் சரக்கைப் போட வேண்டும். அவசரத்தில் அதைச் செய்ய மாட்டேன், டப்பா எடையும் முந்திரி விலைக்குப் போகும். கவுண்டரில் சைபர் பட்டன் தானாக அழுந்தி என்னைப் படுத்துகிறது, தராசில் இருக்கும் சைபர் பட்டனை நான் அழுத்துவதே இல்லை. குர்ஆனில் 82-ஆவது சூராவில் நாம் செய்வதை அறிந்து எழுதும் கண்ணியமானவர்களைப் பற்றி வருகிறது. பக்கத்தைப் புரட்டினால் 83, அளவையில் மோசடி செய்பவர்களுக்குக் கேடு என்று தொடங்குகிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. ஓதும்போது ஒரு மூச்சில் ஓதிவிட்டுப் போயிருக்கிறேன். வீட்டம்மா சொன்ன ‘எழுதுறவங்க’ அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மற்ற வகைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. துபாயில் இருக்கும் தம்பி மகன், போனோடு சேருகிற திக்ரு மோதிரம் போட்டிருக்கிறான். தொழுகை நேரத்துக்கு அதிர்கிறது, வாரக் கணக்கைக் கோடு போட்டுக் காட்டுகிறது, விலை சில ஆயிரம். தொழுகை நேரம் தவறிப்போகிற வேலையில் இருப்பவர்களுக்கு அது உதவும். அந்த வாரக் கணக்கு எனக்கு வேண்டாம், என் புத்திக்கு அதைப் பார்த்தால் பழைய பெருமை திரும்பிவிடும். போனில் ஆப் போட்டுப் பார்த்தேன். திக்ரு எண்ணத் திறந்து, பத்து நிமிஷம் கழித்து யாரோ அனுப்பிய மீன் வீடியோவில் உட்கார்ந்திருந்தேன். மணிதான் வேண்டும் என்பவர்கள் 33 மணி வாங்குங்கள், அறுந்தாலும் தேடுவது சுலபம்.

வாங்கலாமா என்றால், ஐம்பது ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். வாங்கும்போதே பத்து தடவை அழுத்தி எண் ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள், சிலது ஒரு அழுத்துக்கு இரண்டு ஓடும். ரப்பர் வார் இறுக்கமாக இருக்கட்டும். சைபர் பட்டன் உள்ளே குழிந்து இருக்கிற மாடல் கிடைத்தால் அதுதான் நல்லது. செல் தீர்ந்தால் கைக்கடிகாரக் கடையில் பத்து இருபது ரூபாய்க்குப் போடுவார்கள், மாற்றும்போது கணக்கு அழிந்துவிடும். சாமானுக்கு ஐந்தில் இரண்டரை கொடுப்பேன்.

போன வாரம் கடைப் பையன், “பாய், தெனம் என்னத்த எண்ணுறீங்க? எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க” என்றான். லாரியில் வரும் மூட்டையை எண்ண வசதியாக இருக்குமாம். அடுத்த தடவை மதுரை போனபோது பார்த்தேன். பச்சை இல்லை, ஆரஞ்சுதான் இருந்தது. மாட்டிக்கொண்டு முதல் லாரியை எண்ணினான். பில்லில் 63, அவன் கவுண்டரில் 62. டிரைவரோடு ஒரு சத்தம் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி எண்ணினால் 63 சரியாக இருக்கிறது. நடுவில் ரப்பர் நழுவி ஒன்று விட்டுப்போயிருக்கிறது.